வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

கொக்கியின் வாய் கீழ்நோக்கி இருந்தது.

ஆல்டன் தயர் தீவனச் சட்டியை இடுப்போடு அணைத்தபடி, கோழிக் கொட்டகையின் கதவுக்கு முன்னால் நின்று அதைப் பார்த்தார். கதவுக்கு இழுப்புத் தாழ்ப்பாள் ஒன்று. அத்தாழ்ப்பாளின் காதில், மலையேறுவோர் கயிற்றில் மாட்டிக்கொள்ளும் வில்கொக்கி ஒன்று. விரலால் அழுத்தினால் வாய் திறக்கும். விட்டால் தானாக மூடிக்கொள்ளும். அதை மாட்டும்போது வாய் மேற்புறமாக இருக்க வேண்டும் என்பது அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட விதி. காரணம் கேட்டால் சொல்வதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. வெர்மான்டின் அந்த மலையடிச் சிற்றூரில், தபால் நிலையத்து மேசையில் முப்பத்தொரு ஆண்டுகள் கடிதங்களை முகவரி மேலே தெரியும்படி அடுக்கிய கைகள் அவருடையவை. அவை எதையும் ஒரே விதமாகத்தான் வைக்கும். நேற்று மாலையும் அப்படித்தான் வைத்தன.

கதவைத் திறந்தார். மரச்சீவலின் வாசமும், எச்சத்தின் காரமும், உறங்கி எழும் பறவைகளின் உடற்சூடும் ஒன்றாகக் கலந்து முகத்தில் மோதின. அடையும் கம்பின் மேல் கோழிகள் இன்னும் இறங்காமல், இறகுகளை உப்பிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. எண்ணினார். எட்டு. மறுபடியும், இம்முறை வலமிருந்து இடமாக எண்ணினார். எட்டுதான். சுவரோர மூலையில் பியூலா என்ற பழுப்புப் பெட்டைக்கோழி உட்காரும் இடம் காலியாக இருந்தது. அதற்கு அடுத்த கோழி அந்த இடத்துக்கு நகர்ந்து உட்காரவில்லை. அந்த இடத்துக்கு முதுகைக் காட்டி, தலையை மறுபக்கம் திருப்பி வைத்திருந்தது.

ஓர் இறகுகூட உதிர்ந்திருக்கவில்லை. ஒரு துளி இரத்தம் இல்லை. அரை அங்குலக் கண்களைக் கொண்ட இரும்பு வலை எங்கும் பிரியவில்லை. தோண்டி நுழையாதிருக்க ஓரடி ஆழத்துக்குப் புதைத்த வலையின் மேல் மண்ணும் கலையவில்லை.

கோழி வளர்ப்பவர்களுக்கு ஒவ்வொரு பகைவனுக்கும் ஒரு கையெழுத்து உண்டு என்பது தெரியும். ஆந்தை தலையை மட்டும் கொண்டுபோகும். நரி முழுக்கோழியையும் கவ்விக்கொண்டு வேலி வரை இறகைச் சிதறவிட்டுப் போகும். கீரியைப் போன்ற மிங்க் நுழைந்தால் உள்ளிருப்பவை அனைத்தையும் கொன்று, அடுக்கியும் வைத்துவிடும். எதையும் தண்ணீரில் அலசித் தின்னும் ரக்கூன், வலைக்கு வெளியே நின்று, குழந்தைக் கை போன்ற முன்னங்கையை உள்ளே விட்டு, அகப்பட்டதைப் பிய்த்து இழுக்கும். அதற்குத் தாழ்ப்பாளைத் திறக்கவும் தெரியும். ஆனால் திறந்த எதுவும் மூடிவிட்டுப் போவதில்லை. அந்த நாகரிகம் எந்தப் பிராணிக்கும் கிடையாது.

பக்கத்துப் பண்ணைக்காரர் அர்மான் கன்யோன், காலைப் பால் லாரியை அனுப்பிவிட்டு, சாணம் அப்பிய பூட்ஸுடன் வந்து கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஒரு இறகுகூட இல்லையா?"

"இல்ல."

"ரத்தம்?"

"இல்லன்னுதானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

"அப்ப இது மிருகம் பண்ண வேலையில்ல, ஆல்டன். வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் விருந்து. வான்கோழி கிடைக்காத எவனோ பழுப்புக்கோழி போதும்னு வந்திருக்கான்."

"ஒரே ஒரு கோழியத் தூக்கிட்டு, மறக்காம கொக்கியையும் மாட்டிட்டா போவான்?"

"நல்ல வளர்ப்புல வந்த திருடனா இருப்பான்." அர்மான் தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்தார். "எதுக்கும் நீ கவலப்படாத. ஊர்ல பேங்க் பெட்டகத்தவிட உன் கோழிக்கூடுதான்யா கெட்டி. இதுக்குள்ள போறதுக்கு எனக்கே பயமா இருக்கு."

"அக்டோபர்ல புடிச்சமே, அது ஞாபகம் இருக்கா?"

சிரிப்பு நின்றது. "அதையே இன்னும் நெனச்சுக்கிட்டிருக்கியா? அன்னிக்கே சொன்னேன்ல, உன் கூண்டு பழசு. ஸ்பிரிங் தளந்திருக்கும்."

"தளந்தா கதவு தொறந்துல்ல கெடக்கணும்? மூடி, ஊசியும் போட்டிருந்துச்சே."

அர்மான், மாடுகளுக்கு வைக்கோல் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, ஒருமுறை கொக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கிளம்பிப் போனார்.

அக்டோபரில் நடந்தது இதுதான். தீவனத் தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்த ரக்கூனுக்காக ஆல்டன் ஒரு பொறிக்கூண்டு வைத்தார். மீன் வைத்தால் ஊர்ப் பூனைகள் மாட்டும் என்பதால், எல்லாரையும்போல் மார்ஷ்மெல்லோ மிட்டாய்களை உள்ளே போட்டார். விடியும்போது ஒன்று அகப்பட்டிருந்தது. சுட்டுக் கொல்ல அவருக்கு மனமும் இல்லை, கண்புரை விழுந்த கண்ணில் குறியும் இல்லை. அர்மான் துப்பாக்கியோடு மாலையில் வருவதாகச் சொன்னதால், கூண்டை மழைபடாத இடம் என்று கொட்டகைக் கதவின் பக்கத்திலேயே வைத்தார். அதுதான் அவர் செய்த பிழை. அன்று பகல் முழுவதும், தண்ணீருக்கு, தீவனத்துக்கு, முட்டைக்கு, கூட்டிப் பெருக்குவதற்கு, கடைசியில் அடைப்பதற்கு என்று ஐந்து முறை அந்தக் கதவைத் திறந்து மூடினார். ஐந்து முறையும் அது கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சீறாமல், உறுமாமல், பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய முகத்தை அல்ல, கைகளை.

அர்மான் வந்தபோது கூண்டு காலியாக இருந்தது. அதன் கதவு மூடப்பட்டு, கதவைப் பிணைக்கும் ஊசி முறையாகச் செருகப்பட்டிருந்தது.

*

மாலை ஐந்து மணிக்கு, தினமும் போலவே, சமையலறைத் தொலைபேசி அடித்தது. பக்கவாதத்துக்குப் பின் மூன்று மாதங்களாகப் பராமரிப்பு இல்லத்தில் இருக்கும் அவருடைய மனைவி ரோவீனா.

"எல்லாம் அடைஞ்சுதா?"

"அடைஞ்சாச்சு."

"ஒம்பதும்?"

ஆல்டன் சன்னல் வழியே கொட்டகையைப் பார்த்தார். வெளியே நீலம் கறுத்துக்கொண்டிருந்தது. "ஒம்பதும்."

"இன்னிக்கு பியூலா வரைக்கும் போயிட்டேன் ஆல்டன்! நேத்து டோர்காஸ்லயே கால் மடங்கிடுச்சு. இன்னிக்கு பியூலா பேரச் சொல்லி எடுத்து வச்சேன் பாரு, நின்னுடுச்சு. பயிற்சி குடுக்கற பொண்ணு கை தட்டுறா. அவ கிட்ட சொன்னேன், பியூலா ராங்கிக்காரிடி, அவ பேர சொன்னா கால் தானா விறைச்சுக்கும்னு."

"அவ ராங்கிக்காரிதான்."

"இன்னும் அந்த மூலையிலதான் உக்கார்றாளா? பக்கத்துல யாரையும் விடமாட்டாளே."

"விடமாட்டா."

"என்ன குரலு ஒரு மாதிரி இருக்கு? பட்டாணி சூப்பையே மூணு வேளையும் குடிச்சுக்கிட்டு இருக்கியா?"

"சூடு பண்ணித்தான் குடிக்கிறேன்."

அவள் சிரித்தாள். இடப்பக்க உதடு இன்னும் முழுவதும் திரும்பாத சிரிப்பு. காதுக்கே அது தெரிந்தது.

படுக்கையிலிருந்து குளியலறைக்கு ஒன்பதடி. அந்த ஒன்பதடியைத் துணையின்றி நடந்தால் வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாக மருத்துவர் சொல்லியிருந்தார். ரோவீனா ஓர் அடிக்கு ஒரு கோழி என்று பெயர் வைத்துக்கொண்டு நடந்தாள். செப்டம்பரில், அப்போது பத்தாவதாக இருந்த கிழட்டுக்கோழி தானாகச் செத்ததை ஆல்டன் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். அவள் அந்தப் பெயரில் காலைத் தூக்கி, அப்படியே கட்டிலில் உட்கார்ந்தவள்தான். நான்கு நாட்கள் எழவில்லை. அடுத்த முறை உட்கார்ந்தால் எழுப்புவது கடினம் என்று மருத்துவர் சொன்னதை அவர் மறக்கவில்லை. ஒன்பது கோழிகள் இருக்க வேண்டும். அவள் வந்து சமையலறைச் சன்னலருகே உட்காரும்வரையாவது இருக்க வேண்டும். அவருக்கு வேறு வேண்டுதல் எதுவும் இல்லை.

அன்று தாழ்ப்பாளில் இரண்டாவது கொக்கி ஒன்றையும் மாட்டினார். இரண்டையும் சேர்த்துக் கட்டுக்கம்பியால் வலப்புறமாக ஆறு முறுக்கு முறுக்கினார். குறட்டால் நுனியை மடக்கிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது கம்பி அங்கேயே இருந்தது. இடப்புறமாக முறுக்கப்பட்டிருந்தது. ஆறு முறுக்கு. நுனி அழகாக மடக்கப்பட்டிருந்தது.

உள்ளே ஏழு கோழிகள் இருந்தன. டோர்காஸ் இல்லை.

*

செவ்வாய் மாலை, கோழிகள் அடைந்ததும், ஆல்டன் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, சன்னலுக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மடியில் டார்ச் விளக்கு, காலடியில் கோடரி. கொட்டகை நாற்பதடி தூரத்தில், அதற்கு அப்பாலிருந்த காட்டின் கறுப்பிலிருந்து மெல்லப் பிரிந்து தெரிந்தது. விறகடுப்பில் பிர்ச் கட்டை வெடித்து அடங்கும் சத்தமும், குளிர்சாதனப் பெட்டி முனகி நிற்கும் சத்தமும், தம் மூக்கிலிருந்து போய்வரும் மூச்சின் சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் காதில் வந்து அமர்ந்தன. அவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு ஒதுக்கி வைத்தபின், மிச்சமாக இன்னொரு சத்தம் இருந்தது.

டிக்.

சற்று இடைவெளி.

டிக்.

வில்கொக்கி திறந்து மூடும் சத்தம். அவசரமில்லாத சத்தம். புதிதாகப் பொத்தான் போடக் கற்றுக்கொண்ட குழந்தை, போட்டதை அவிழ்த்து, அவிழ்த்ததை மறுபடியும் போட்டுப் பார்க்குமே, அதைப் போன்ற சத்தம். திறந்தது. மூடியது. திறந்தது. மூடியது. இவ்வளவு தொலைவிலிருந்து, மூடிய சன்னல் வழியாக, அது எப்படிக் கேட்கிறது என்று அவர் யோசிக்கத் தொடங்கியபோது சத்தம் நின்றுவிட்டது.

எழுந்து ஓடினார், எழுபத்திரண்டு வயது முழங்கால்கள் ஓடவிட்ட அளவுக்கு. டார்ச் வெளிச்சத்தில் கதவு மூடியிருந்தது. எவரும் இல்லை. ஒரு கொக்கி மட்டும் மெல்ல ஆடி, ஆடி, நின்றது. உள்ளே கோழிகள் கொக்கரிக்கவில்லை. ஆபத்து அருகிலிருக்கும்போது கல்லாய்ச் சமையுமே, அப்படி இருந்தன. எண்ணினார். ஆறு. ஒளியில் பன்னிரண்டு கண்கள் இமைக்காமல் அவரைப் பார்த்தன.

தரையில் படிந்த உறைபனியில் தடங்கள் இருந்தன. கைக்குழந்தை ஒன்று உள்ளங்கைகளை ஊன்றித் தவழ்ந்தது போன்ற தடங்கள்; ஐந்து விரல், ஐந்தும் நீளம். அவை காட்டிலிருந்து வந்து கதவில் முடியவில்லை. கொட்டகையைத் தாண்டி, வீட்டை நோக்கிப் போயின. ஆல்டன் வெளிச்சத்தைத் தாழ்த்திக்கொண்டு அவற்றின் பின்னால் நடந்தார்.

சமையலறைச் சன்னலின் வெளிப்புறக் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகள் பதிந்திருந்தன. அவற்றுக்கு நடுவே மூச்சுக்காற்று படிந்த வட்டம். அந்த வட்டம் ஓரங்களிலிருந்து இன்னும் சுருங்கிக்கொண்டிருந்தது.

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி, அந்த வட்டத்துக்கு நேர் எதிரே இருந்தது.

*

புதன்கிழமை காலை ஊர்க்கடையில் பெரிய பித்தளைப் பூட்டு ஒன்று வாங்கி வந்தார். பிறகு அர்மானைத் தொலைபேசியில் அழைத்தார்.

"மிச்சமிருக்கற ஆறு கோழியையும் இன்னிக்கே உன் கொட்டகைக்குக் கொண்டுபோயிடணும். ஒரு ராத்திரி போதும்."

"இதத்தான் அன்னிக்கே சொல்லியிருக்கணும் நீ. என் மாட்டுக்கு நடுவுல எந்தப் பேயும் வராது. வந்தா அந்த ஜெர்சி மாடு ஒரு உதை விடும் பாரு."

"ரோவீனா நாளைக்குப் பதினோரு மணிக்கு வர்றா. அதுக்குள்ள திரும்பக் கொண்டாந்து விட்டுடணும்."

"ஒம்பதாவா, ஆறாவா?"

ஆல்டன் புதுப் பூட்டின் சாவியை மேசையில் திருப்பித் திருப்பி வைத்தார்.

"சரி விடு. என் தங்கச்சிகிட்ட அதே பழுப்புல மூணு இருக்கு, கொண்டாறேன். ரோவீனா கண்ணாடி போடாம பாத்தா வித்தியாசம் தெரியாது."

"அவளுக்கா? கண்ண மூடிக்கிட்டே கண்டுபுடிச்சிடுவா."

"கண்டுபுடிச்சா நான்தான் மாத்தினேன்னு சொல்லிக்கறேன். உன்னவிட என்னத் திட்டுறதுன்னா அவளுக்குத் தனி சந்தோசம். பால் கறந்து முடிச்சு ஏழு மணிக்கு வண்டியோட வர்றேன். நீ கூடையில போட்டு வை, பெரியவரே."

பகலில் கோழிகளைத் துரத்திப் பிடிப்பது வீண்வேலை. அவை அடைந்தபின், கம்பின் மேல் கண் மயங்கி உட்கார்ந்திருக்கும்போது, மூட்டையைத் தூக்குவதுபோல் இரு கைகளால் தூக்கலாம். ஒரு முனகலோடு கூடைக்குள் வந்துவிடும். இந்த ஊரில் கோழி வைத்திருக்கும் எவரும் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருப்பார்கள். நான்கேகாலுக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் போயிற்று. நான்கரைக்கு ஆல்டன் இரண்டு கூடைகளோடு கொட்டகைக்குப் போனார்.

பித்தளைப் பூட்டைத் திறந்தார். சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டார். திறந்த பூட்டை, எல்லாரும் செய்வதுபோல், தொலைந்துபோகாமல் இருக்க நாதாங்கியிலேயே தொங்கவிட்டார். கதவை ஒரு சாண் திறந்துவைத்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

மரச்சீவலின் வாசம் இன்று வேறு ஏதோ ஒன்றின் கீழே அமுங்கியிருந்தது. ஈரமான உரோமத்தின் நெடி. ஆற்றங்கரைச் சேற்றின் நெடி. மாலையின் கடைசி வெளிச்சம் வலைக்கண்கள் வழியாக நுழைந்து, சுவரில் நுண்ணிய கட்டங்களாக விழுந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பலாகிக் கரைந்தது. முதல் கோழியைத் தூக்கினார். அதன் நெஞ்சு அவருடைய உள்ளங்கையில் படபடவென்று அடித்துக்கொண்டது. ஆனால் முனகல் எழவில்லை. கூடையில் வைத்தார். இரண்டாவதைத் தூக்கினார். அதுவும் முனகவில்லை. மூன்றாவதை நோக்கிக் குனிந்தார்.

டக்.

நிமிர்ந்தார்.

கதவு மூடியிருந்தது.

கதவின் மேற்பாதி வலை, கீழ்ப்பாதி பலகை. வலைக்கு அப்பால் பித்தளைப் பூட்டு தொங்கிற்று. அதன் வளையம் உள்ளே அழுந்தியிருந்தது. பூட்டு ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை.

"அர்மான்?" என்றார். அர்மான் இல்லை என்று அவருக்குத் தெரியும். மணி ஐந்துகூட ஆகவில்லை.

தோளால் மோதினார். நாலங்குலத் தூண்கள் அசையவில்லை. காலால் உதைத்தார். கோடைக்காலம் முழுவதும் உழைத்து, வளையம் வைத்து முடுக்கிய இருநூறு திருகாணிகளில் ஒன்றும் நெகிழவில்லை. கொட்டகையை அவர் செம்மையாகக் கட்டியிருந்தார். ஒரு பகைவனும் நுழைய முடியாதபடி ஒவ்வொரு தாழ்ப்பாளையும் வெளிப்பக்கம் வைத்திருந்தார். ஆள் புகும் கதவு, கோழிகள் போய்வரும் சிறுகதவு, முட்டை எடுக்கும் பெட்டியின் மூடி. வெளியிலிருந்து திறப்பவை மூன்று. உள்ளிருந்து திறப்பது ஒன்றுமில்லை. கோழிகளுக்கு உள்ளிருந்து திறக்க வேண்டிய தேவை என்ன இருக்கிறது?

கூவினார். குரல் காட்டில் போய் விழுந்தது. அர்மானின் வீடு குன்றுக்கு அந்தப் பக்கம். பால் கறக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் அவருக்குத் தம் மாடு கத்தினாலே கேட்காது.

சாவி.

பைக்குள் கையை விட்டார். இருந்தது. குளிரில் அதன் பற்கள் விரலைக் கடித்தன. வலைக்கண் அரை அங்குலம். சாவி நுழையும், விரல் நுழையாது. விரலும் நுழையாத கண் வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய வலை. சாவியின் தலையை இரண்டு விரல்நுனிகளால் பற்றி, வலைக்கு வெளியே நீட்டினார். பூட்டு ஒரு சாண் கீழே தொங்கிற்று. நீட்டிப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். நுனி எட்டவில்லை. இன்னும் கொஞ்சம். நகத்தின் ஓரம் மட்டும் பிடித்திருந்தது. இன்னும்.

சாவி நழுவிற்று.

கீழே கல்லாய் உறைந்த மண். அவர் காத்திருந்தார்.

சாவி விழுந்த சத்தம் கேட்கவில்லை.

கதவின் கீழ்ப்பாதிப் பலகைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்க்க நெற்றியை வலையில் அழுத்தினார். பலகையின் விளிம்பு மறைத்தது. மூச்சை அடக்கிக் கேட்டார். அந்தப் பக்கமும் எதுவோ மூச்சை அடக்கியிருந்தது.

அவர் வலையிலிருந்து விலகினார். ஓரடி. இன்னோரடி. முதுகில் அடையும் கம்பு தட்டிற்று.

வீட்டுக்குள் தொலைபேசி அடித்தது.

ஐந்து மணி. விளக்கெரியும் சமையலறைச் சன்னல் நாற்பதடி தூரத்தில் மஞ்சளாக இருந்தது. ஒவ்வொரு மணியும் கண்ணாடியைத் தாண்டி மெலிந்து வந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, நல்ல கையால் தொலைபேசியைக் காதில் அழுத்தியபடி, அவர் எடுப்பார் என்று காத்திருக்கும் அவளை ஆல்டன் பார்த்தார். கண்ணை மூடினாலும் பார்த்தார். எல்லாம் அடைந்ததா என்று கேட்பாள். ஒன்பதும் என்று சொல்ல வேண்டும். நாளைக்கு நடக்க வேண்டும் அவள். ஒன்பதடி. "ரோவீனா," என்றார், சத்தமாக, அது அங்கே போய்ச் சேரும் என்பதுபோல. "ஒம்பதும் இருக்கும்மா. ஒம்பதும் அடைஞ்சாச்சு."

மணி பதினான்கு முறை அடித்தது. நின்றது. மறுபடியும் அடிக்கத் தொடங்கியது. ஏழாவது மணியில் நின்றுபோயிற்று.

மௌனம்.

கோழிகள் அசையவில்லை. கம்பின் மேல் நான்கு, கூடையில் இரண்டு. ஒன்றும் கண்ணை மூடவில்லை. அனைத்தும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தன. கதவை அல்ல. கதவுக்கு வலப்புறச் சுவரை. அந்தச் சுவருக்கு வெளியே, கூரைத் தண்ணீர் வந்து விழும் தகரத்தொட்டி இருந்தது.

இருட்டிவிட்டது. முழுவதும். தம் கையையே அவரால் பார்க்க முடியவில்லை.

தொட்டியின் மேல் படிந்திருந்த மெல்லிய பனித்தகடு உடைந்தது.

தண்ணீர் அலம்பிற்று. சிறிய கைகள். ஒன்றை ஒன்று தேய்க்கும் கைகள். விரலிடுக்கு. மணிக்கட்டு. மறுபடியும் விரலிடுக்கு. முடிந்ததும் ஒரு ஜோடி விலகியது. இன்னொரு ஜோடி வந்தது. அது முடிந்ததும் அடுத்தது. முண்டியடிக்காமல், சத்தம் போடாமல், வரிசையில் நின்று. தகரத்தின் விளிம்பில் சாவி ஒருமுறை லேசாகத் தட்டிற்று. பின்பு அதுவும் கழுவப்பட்டது. நேரமாகிவிட்டது என்று எவரும் அவற்றை அவசரப்படுத்தவில்லை. சோறு போட்டு இலைமுன் கூப்பிட்ட பிள்ளைகளைப் போல, அவை ஒவ்வொன்றாக, ஒழுங்காக, பொறுமையாக, கை கழுவிக்கொண்டிருந்தன.